முடியுங்க சார்

தாண்டவராயன் இழப்பீட்டு ஆணையத்துக்குள் நடந்தே வந்தார். அதுதான் வழக்கு தோற்றதற்கு முதல் காரணம்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. கழுத்துக்குக் கீழே ஒன்றும் அசையாது, உணர்ச்சியும் கிடையாது என்று மனுவில் எழுதியிருக்கிறேன். முதுகெலும்புப் படத்தைப் பெரிதாக்கி, உடைந்த இடத்தில் சிவப்பு வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். மனிதரோ படியேறி, வாசலில் போட்டிருந்த சாக்கில் இரண்டு காலையும் நன்றாகத் தேய்த்துத் துடைத்துவிட்டு, கும்பிட்டுக்கொண்டே உள்ளே வருகிறார். ஆணையர் படத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

நடந்தது அவர் இல்லை, சட்டை.

கட்டட வேலை ஆட்கள் அதைச் சட்டை என்றுதான் சொல்வார்கள். கம்பெனி வைத்திருக்கும் பெயர் வாயில் நுழையாது. முதுகில் ஒரு தகடு, கைகால் நெடுகிலும் மெல்லிய உலோகப் பட்டைகள், விரலுக்கு விரல் மூட்டு, பின்கழுத்தில் ஒட்டிக்கொள்ளும் ஒரு வில்லை. கையைத் தூக்க வேண்டும் என்று நீங்கள் நினைத்தால் போதும். வில்லை அந்த நினைப்பைப் படித்துச் சொல்ல, சட்டை உங்கள் கையைத் தூக்கிவிடும். உள்ளே இருக்கும் கை செத்ததா உயிருள்ளதா என்பது சட்டைக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆஸ்பத்திரிகளுக்காகத்தான் இதை முதலில் செய்தார்கள். படுத்த படுக்கையாய்க் கிடந்தவர்கள் எழுந்து நடந்ததை டிவியில் காட்டியபோது ஊரே கண்ணைத் துடைத்துக்கொண்டது, நான் உட்பட. அப்புறம் கட்டட கம்பெனிகள் மொத்த மொத்தமாக வாங்க ஆரம்பித்தன. இவர்களுக்கு எங்கிருந்து திடீரென்று இவ்வளவு இரக்கம் என்று யாரும் கேட்கவில்லை.

தாண்டவராயன் கம்பி கட்டுகிறவர். தளத்துக்குக் கான்கிரீட் போடும் முன் இரும்புக் கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, அவை சேரும் இடத்தையெல்லாம் கட்டுக்கம்பியால் முறுக்குகிற வேலை. கான்கிரீட்டைத் தாங்க அடியில் அடிக்கும் சென்ட்ரிங் பலகை ஒன்று, முட்டு சரியாகக் கொடுக்காததால் சரிந்து, ஆறாவது மாடியிலிருந்து விழுந்தார். கீழே வலை கட்டியிருக்கவில்லை. இதையெல்லாம் கம்பெனி மறுக்கவே இல்லை. விழுந்தார், உடைந்தது, வருந்துகிறோம் என்றார்கள். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். இவருக்கு இப்போது என்ன குறை?

சட்டம் அப்படி. காயத்துக்காக அது இழப்பீடு தருவதில்லை. காயத்தால் உழைக்கும் சக்தி எவ்வளவு போயிற்று என்று அளந்து, போனதற்குத்தான் தரும்.

கம்பெனி வக்கீல் சடகோபன் மோசமான ஆள் இல்லை. கேண்டீனில் என்னைப் பார்த்தால் டீ வாங்கித் தராமல் விடமாட்டார். அன்றைக்கு அவர் ஒரு பையிலிருந்து இரண்டு துண்டுக் கம்பியும் கொஞ்சம் கட்டுக்கம்பியும் எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"தாண்டவராயன், இதைக் கட்ட முடியுமா உங்களால?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். வந்தால் முடியாது என்று சொல்லுங்கள், அதுதான் உண்மை, உங்களால் முடியாது, சட்டையால்தான் முடியும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். அன்றைக்குக் காலையில் போனில் நினைவூட்டியபோதுகூட சரி என்றார்.

"முடியுங்க சார்," என்றார் தாண்டவராயன்.

கட்டியும் காட்டினார். சட்டை கிர்ர் என்று மெல்ல முனகியது, விரல்கள் வளைந்தன, ஒரே முறுக்கு. ஆணையரே எட்டிப் பார்த்தார்.

"ஆறு மாடி ஏற முடியுமா?"

"முடியுங்க சார்."

"முன்னால செஞ்ச அளவு வேலை இப்பவும் செய்ய முடியுமா?"

"அதவிட அதிகமாவே முடியுங்க சார்."

உழைக்கும் சக்தியில் இழப்பு இல்லை, மனு தள்ளுபடி. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே உத்தரவு வந்துவிட்டது.

வெளியே வராந்தாவில் அவரைப் பிடித்துக்கொண்டேன். கூட அவர் மனைவி பச்சையம்மாள். அதே கட்டடத்தில் சித்தாள் வேலை பார்க்கிறவள். அவள் முகத்தில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. நடக்கப்போவது இதுதான் என்று முன்பே தெரிந்தவள் போல நின்றாள்.

"ஏண்ணா இப்படிப் பண்ணீங்க? சட்டையைக் கழட்டிட்டு ஸ்ட்ரெச்சர்ல வரச் சொன்னேனா இல்லையா?"

"கம்பெனி வண்டியிலதான கூட்டினு வந்தாங்க. கழட்டமாட்டேன்னாங்க. எனுக்கும் ஒரு மாரியா இருந்துச்சி வக்கீலம்மா. அவ்ளோ பெரிய ஆபீசரு முன்னாடி எப்படி மல்லாந்து படுத்துகினு இருக்கறது? மரியாதியா இருக்குமா?"

"சரி, அது போகட்டும். முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லச் சொன்னேனே!"

அவர் தரையைப் பார்த்தார். "சொல்லணும்னுதான் இருந்தேன். வாய்ல அது வந்துடுச்சி."

"அவர ஏம்மா திட்டற," என்றாள் பச்சையம்மாள். "பாலத்தடியில நின்னு பழகின வாயி அது."

பெருங்களத்தூர் பாலத்தடியில் விடியற்காலையில் வேலைக்காக நிற்கும் கூட்டத்தை நீங்கள் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். மேஸ்திரி வண்டியை நிறுத்தி, "கம்பி கட்ட முடியுமா, பள்ளம் தோண்ட முடியுமா, மாடிக்கு மூட்டை ஏத்த முடியுமா?" என்று கேட்பார். யோசிக்கிறவனை அவர் திரும்பிப் பார்க்கமாட்டார். முடியாது என்கிறவன் அன்றைக்கு வீட்டுக்குப் போகலாம், மறுநாளும் அவன் முகம் அவருக்கு ஞாபகம் இருக்கும். அதனால் கேள்வி முடிவதற்குள் எல்லாருமாக முடியுங்க என்பார்கள். காய்ச்சலில் நிற்கிறவனும் சொல்வான், கை சுளுக்கியவனும் சொல்வான். தாண்டவராயன் மீசை முளைத்த நாளிலிருந்து அங்கே நின்றவர். சடகோபன் கோட்டு போட்ட ஒரு மேஸ்திரி, அவ்வளவுதான்.

அந்த வார இறுதியில் ஒரு சாயங்காலம் கட்டடத்துக்கே போனேன். கம்பெனி அவரைத் தகரக் கொட்டகை ஒன்றில் வைத்திருந்தது. மருத்துவ அறை என்று வெளியே போர்டு மாட்டியிருந்தார்கள். உள்ளே ஒரு இரும்புக் கட்டில், ஒரு ஃபேன். சட்டைக்கு மட்டும் தனியாக ஏசி வைத்த அலமாரி.

நான் போனபோது வேலை முடிந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். பட்டைகள் ஒவ்வொன்றாக விடுபட, தாண்டவராயன் ஈரத் துணி போலக் கட்டிலில் சரிந்தார். பச்சையம்மாள் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். சட்டை எழுந்து நின்றது. தானாகவே அலமாரிக்குப் போய்த் திரும்பி நின்று கதவைச் சாத்திக்கொண்டது.

"தானாவே நடக்குதே! அப்புறம் உள்ள ஆள் எதுக்கு?"

பக்கத்தில் நின்ற கொத்தனார் சாந்தப்பன் சிரித்தார். "ஆளில்லாம வேலை செஞ்சா அது மெஷினுங்க வக்கீலம்மா. மெஷினுக்கு வரி ஜாஸ்தி. உள்ள ஒரு ஆள வெச்சிட்டா அது தொழிலாளி. கணக்கு அவ்ளோதான்."

பச்சையம்மாள் எங்கள் பேச்சைக் கவனிக்கவில்லை. டார்ச்சை எடுத்துப் புருஷன் உடம்பை அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கையில் கொப்புளம், வெயிலில் காய்ந்த கம்பி சுட்டிருக்கிறது. முழங்கைக்குக் கீழே நீளமாக ஒரு கிழிசல், ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. அவர் பாட்டுக்கு என்னோடு பேசிக்கொண்டிருந்தார்.

"முன்ன எல்லாம் ஊசி குத்தினாலே ஊரக் கூட்டுவாரு," என்றாள் அவள், மருந்தைத் தடவிக்கொண்டே. "இப்ப எங்க அடிபட்டுதுன்னு நான்தான் தேடிப் புடிக்கணும். நேத்து ஒரு விரலு வீங்கிக் கெடந்துச்சி. எப்ப நசுங்குச்சின்னு அவருக்கே தெரில."

"வலிக்கவே இல்லையாண்ணா?"

"வலிச்சாத்தான் தேவலையே," என்றார் தாண்டவராயன். "நான் கம்பிய கட்டணும்னு நெனைக்கறதுக்கு முன்னாடியே அது கட்டிடுதும்மா. நான் சும்மா தலைய வெச்சிகினு மேல குந்தினு இருக்கேன். என் ஒடம்ப வேற எவனோ மாட்டிகினு வேலைக்குப் போற மாரி இருக்குது."

அவருக்கு வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. ஊரப்பாக்கத்தில் ஒரு வாடகை வீடு. அங்கே பெண் வெண்மதி, பன்னிரண்டாவது படிக்கிறாள். பாதுகாப்புக் காரணங்களுக்காகக் கட்டட வளாகத்துக்குள் வேலையாட்களையும் வக்கீலையும் தவிர யாரையும் விடமாட்டார்கள், சட்டையோடு அவரை வீட்டுக்கு அனுப்பவும் மாட்டார்கள் என்பதால் விபத்துக்குப் பிறகு அப்பாவை அவள் பார்க்கவே இல்லை. போனில்தான் பேச்சு. வலை கட்டாத கம்பெனிக்கு இந்தப் பாதுகாப்பு மட்டும் எப்படி ஞாபகம் இருந்தது என்று நானும் கடிதம் எழுதிக் கேட்டேன். பதில் இல்லை.

"நஷ்டஈடு வந்துச்சின்னா இவர வூட்டுக்குக் கூட்டினு போயிடுவேன்," என்றாள் பச்சையம்மாள். "கட்டில்ல போட்டு நானே பாத்துக்குவேன். ஊட்டி விட்டா சாப்பிடுவாரு. நல்லா பேசுவாரு. பொண்ணு பக்கத்துல குந்தி படிக்கும். எங்களுக்கு அது போதும்மா. இந்தச் சட்டையே வேணாம்."

"அப்ப இப்பவே கூட்டிட்டுப் போயிட வேண்டியதுதான?" என்றார் சாந்தப்பன்.

"போகலாம்," என்றேன் நான். "போனா, கொடுத்த சிகிச்சையை வேணாம்னு சொல்லிட்டாருன்னு எழுதிடுவாங்க. அதுக்கப்புறம் எந்தக் கோர்ட்டும் நம்ம பக்கம் திரும்பாது. இவர் வீட்டுல கிடப்பார், பச்சையம்மா இவரை விட்டுட்டு வேலைக்குப் போகமுடியாது, மூணு பேரும் பட்டினி."

"பலகைக்கு முட்டு குடுக்காதவன் மேல கேஸ் போடக்கூடாதா?" சாந்தப்பன் விடவில்லை.

"போட்டேனே. கம்பெனி ஒருத்தருக்குக் கான்ட்ராக்ட் விட்டிருக்கு. அவர் இன்னொருத்தருக்கு, அவர் வேற ஒருத்தருக்கு. கடைசி ஆளுக்கு ஒரு போன் நம்பர் மட்டும்தான் இருக்கு, அதுவும் அணைச்சு வெச்சிருக்கு."

"நல வாரியத்துல?"

"வேலைக்குப் போயிட்டிருக்கிற ஆளுக்கு ஊன உதவித்தொகை கிடையாதாம்."

"இந்தா, இத்தினி புதுக்காயம் படுதே. இதுக்குக் கேக்க முடியாதா?" பச்சையம்மாள் கொப்புளத்தைக் காட்டினாள்.

"அதையும் கேட்டுப் பார்த்தேன். காயத்தால வேலை நின்னுச்சான்னு கேக்கறாங்க. நிக்கலையே."

சட்டப் புத்தகத்தில் கதவுகளுக்குக் குறைவே இல்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சுவரைக் கட்டி வைத்திருக்கிறார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது, அவர்கள் முகத்தைப் பார்க்கவும் கூசியது.

"மேல்முறையீடு ஒண்ணுதான் வழி," என்றேன். "கிரேன் ஓட்டறவர் ஒரு டன் தூக்கறாருன்னு சொல்லமாட்டோம், கிரேன்தான் தூக்குது. அதே மாதிரி சட்டை கம்பெனியோட கருவி. அதைக் கழட்டிட்டு இவரை மட்டும் அளந்து பாருங்கன்னு கேக்கப்போறேன். இந்தத் தடவை சட்டையில்லாமத்தான் வரணும்னு முன்னாடியே உத்தரவு வாங்கிடறேன். ஆனா அங்கயும் இவரைத்தான் கேள்வி கேப்பாங்க. அண்ணா முடியாதுன்னு சொல்லியே ஆகணும்."

ஒத்திகை அன்றைக்கே தொடங்கியது. சாந்தப்பன் மேஸ்திரியாக இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"கம்பி கட்ட முடியுமா?"

"பாக்கலாங்க."

"யோவ்! முடியுமா, முடியாதா?"

"கொஞ்சம் கஷ்டங்க."

"அப்ப முடியுமா?"

"முடியுங்க," என்றார் தாண்டவராயன். நாக்கைக் கடித்துக்கொண்டார். பச்சையம்மாள் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்து முதல்முறையாகச் சிரித்தாள்.

அப்புறம் அது கொட்டகையின் வழக்கமாகிவிட்டது. சாயங்காலம் சட்டை கழன்றதும் வேலை முடித்த ஆட்கள் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். ஆளுக்கொரு கேள்வி. தாண்டவராயனுக்கு அந்த வார்த்தை தொண்டையில் மாட்டும், வியர்க்கும், கண்ணை மூடிக்கொண்டு துப்புவது போலச் சொல்வார். அவர் சொல்லும்போது மற்றவர்கள் முகத்தில் ஒரு திருட்டுச் சந்தோஷம் தெரியும். அவர்களும் வாழ்நாளில் சொல்லாத வார்த்தைதானே. போகப் போகப் பழகிவிட்டது. ஒருமுறை நான் போனபோது கொட்டகையே அதிர்ந்துகொண்டிருந்தது.

"பத்து மூட்டை சிமெண்ட்டு தூக்க முடியுமா?"

"முடியாது!"

"ஞாயித்துக்கெழம வர முடியுமா?"

"முடியாது!"

"வானத்த வில்லா வளைக்க முடியுமா?"

"முடியாது!"

"சோறு துன்ன முடியுமா?"

"முடியாது!"

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். தாண்டவராயன் முகத்தில் அப்படி ஒரு பெருமை. கழுத்துக்கு மேலே மட்டும் உயிர் இருந்த மனிதர், அந்தக் கொஞ்ச இடத்தில் முழுசாக இருந்தார்.

மேல்முறையீட்டு ஆயத்தின் நீதிபதி மீனலோசனி பொறுமைசாலி என்று பெயர் எடுத்தவர். எதிரில் இருப்பவரை உட்கார வைத்துத் தமிழிலேயே பேசுவார். தாண்டவராயனை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்து அவர் மேடைக்குப் பக்கத்திலேயே நிறுத்தினோம். வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி. பச்சையம்மாள் தலைமாட்டில் நின்றாள். சட்டை வெளியே வராந்தாவில் தனியாக நின்றது. போகிறவர்கள் அதற்கு வழிவிட்டு ஒதுங்கிப் போனார்கள்.

நான் நன்றாகவே வாதாடினேன், சொல்லிக்கொள்ளக் கூச்சமில்லை. கிரேனைச் சொன்னேன். ஆளில்லாமலே அலமாரிக்கு நடந்துபோகும் பொருள் எப்படி ஒரு ஆளின் கைகாலாகும் என்று கேட்டேன். டார்ச் வெளிச்சத்தில் எடுத்த காயங்களின் படங்களைக் காட்டினேன். நீதிபதி படங்களை நெடுநேரம் பார்த்தார்.

சடகோபன் எழுந்தார். "மூக்குக் கண்ணாடி போட்டவரைக் கண்ணில்லாதவர் என்று சொல்வோமா? செயற்கைக் கால் வைத்தவரைக் காலில்லாதவர் என்று இழப்பீடு கொடுப்போமா? ஒருவர் அது இல்லாமல் வாழமுடியாது என்றால், அது கருவி இல்லை, அவர் உறுப்பு," என்றார். பிறகு ஸ்ட்ரெச்சர் பக்கம் திரும்பினார்.

"தாண்டவராயன், கம்பி கட்ட முடியுமா உங்களால?"

"முடியாதுங்க."

"எழுந்து நிக்க?"

"முடியாதுங்க."

"சட்டையைப் போட்டுக்கிட்டா முடியும் இல்லையா?"

"என்னால முடியாதுங்க," என்றார் தாண்டவராயன், தெளிவாக, கணீரென்று. சடகோபன் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்திவிட்டு உட்கார்ந்துவிட்டார். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன். நீதிபதி பேனாவைக்கூட எடுத்துவிட்டார்.

எடுத்த பேனாவை மறுபடியும் வைத்தார்.

"தீர்ப்புக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்கறேன்," என்றார். குரல் இளகியிருந்தது. "எனக்கு ஒரு தம்பி இருக்கான். பைக் விபத்து. அவனும் சட்டையிலதான் நடமாடறான். ராத்திரி அதைக் கழட்டும்போது குழந்தை மாதிரி அழுவான். அதனால இவங்க கஷ்டம் எனக்குத் தெரியும். ஐயா, மனசுல இருக்கறதைச் சொல்லுங்க. இந்தச் சட்டை இல்லாம உங்களால இருக்க முடியுமா?"

நான் துள்ளி எழுந்தேன். "அம்மா, அந்தக் கேள்வியை நான் அவருக்கு..."

"உட்காருங்க ஹெப்சிபா. நான் அவரைக் கேட்கிறேன்."

தாண்டவராயன் நீதிபதியை நிமிர்ந்து பார்த்தார். அவருடைய மொத்த உடம்பும் அந்த முகத்தில்தான் இருந்தது.

"முடியாதுங்கம்மா," என்றார்.

பச்சையம்மாளின் கை அவள் வாய்க்குப் போனது.

"அவர் கேள்வியைச் சரியாகக் கவனிக்கவில்லை," என்றேன். "தயவுசெய்து இன்னொரு தடவை கேளுங்கள்."

வேறு என்ன சொல்ல? முடியாது என்று சொல்லச் சொல்லிப் பழக்கியிருக்கிறோம், அவர் வாய் தானாகச் சொல்லிவிட்டது என்றா? சாட்சிக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தேன் என்று நானே ஒப்புக்கொண்டால், அதுவரை அவர் சொன்ன எல்லா முடியாதும் காற்றில் போய்விடும்.

நீதிபதி மறுபடியும் கேட்டார். இன்னும் மெதுவாக, இன்னும் அன்பாக. "அவசரமில்லை, யோசிச்சுச் சொல்லுங்க. சட்டை இல்லாம இருக்க முடியுமா?"

இரண்டாவது தடவை கேட்கிறார்கள் என்றால் முதல் தடவை சொன்னது போதவில்லை என்று தாண்டவராயன் நினைத்திருக்க வேண்டும்.

"சத்தியமா முடியாதுங்கம்மா," என்றார் தாண்டவராயன், முன்னைவிடச் சத்தமாக.

நீதிபதியின் கண் கலங்கிவிட்டது. தீர்ப்பை ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினார். அவர் மனசாரத்தான் சொன்னார், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. சட்டை கருவி அல்ல, தாண்டவராயனின் உடலில் ஒரு பகுதி. ஆகவே உடல் முழுமையாக இருக்கிறது, இழப்பீட்டுக்கு இடமில்லை. ஆனால் ஒரு மனிதனின் உடலில் ஒரு பகுதியைத் தினமும் சாயங்காலம் கழற்றிவைக்கும் கொடுமையை இந்த ஆயம் அனுமதிக்காது. இன்றிலிருந்து இரவிலும் பகலிலும் யாரும் அந்தச் சட்டையை அவரிடமிருந்து அகற்றக்கூடாது. சட்டை கம்பெனியின் சொத்து என்பதால் அதைப் பராமரிக்கும் இடத்திலேயே அவரையும் வைத்துக் காப்பாற்றுவது கம்பெனியின் கடமை. அவர் ஆயுள் வரைக்கும்.

சொல்லி முடித்து, தாண்டவராயனைப் பார்த்து ஒரு புன்னகை செய்தார். தாண்டவராயனும் சிரித்தார்.

சடகோபன் என் பக்கத்தில் வந்து நின்றார். என் ஃபைலை மூடி என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இதற்கு மேலே உள்ள கோர்ட்டுக்குப் போகலாம். போனால் அங்கே இருப்பவர்கள் என்னைக் கேட்கப்போவதில்லை. சத்தியமா முடியாதுங்கம்மா என்று எழுத்தில் இருக்கிறதே, அதைத்தான் படிப்பார்கள்.

பச்சையம்மாளுக்கு ஆங்கிலம் தெரியாது. என் முகத்தைப் பார்த்தே பாதி தெரிந்துகொண்டாள். ஓரமாகக் கூப்பிட்டு மீதியைச் சொன்னேன்.

"கழட்டவே மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

"அப்ப நான் எப்படி அவரு ஒடம்ப பாக்கறது? எங்க அடிபட்டுதுன்னு எனுக்கு எப்படித் தெரியும்?"

அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதவள் போலப் புருஷன் தலைமாட்டுக்குப் போய் நின்றுகொண்டாள்.

உத்தரவை நிறைவேற்றக் கம்பெனி ஆள் வராந்தாவில் நின்று போனில் எதையோ அழுத்தினார். சட்டை அசைந்தது. வாசல்வரை நடந்து வந்தது. உள்ளே ஆளில்லை. அங்கே போட்டிருந்த சாக்கில் நின்று, யாரும் சொல்லாமலே இரண்டு காலையும் நன்றாகத் தேய்த்துத் துடைத்துவிட்டு உள்ளே வந்தது.

தாண்டவராயன் அதைப் பார்க்கவில்லை. என்னைத்தான் தேடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய்க் குனிந்தேன். அவர் கண்ணில் அந்தக் கொட்டகைப் பெருமை அப்படியே இருந்தது.

"இந்தத் தடவ கரெக்ட்டா சொன்னனா வக்கீலம்மா?"

பச்சையம்மாள் அவருக்குத் தெரியாமல் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"கரெக்ட்டா சொன்னீங்கண்ணா," என்றேன்.

"அப்ப நாளைக்கு வூட்டுக்குப் போயிடலாம். பாப்பாவுக்கு போனப் போட்டுச் சொல்லு பச்ச," என்றார் அவர். சட்டை ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் வந்து நின்று, அவரைத் தூக்குவதற்காகக் குனிந்தது.